எதிரில் இருக்கும் பிள்ளையிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி:

மதிப்புக்குரிய உளவளத்துணையாளர் அவர்களுக்கு,

எனக்கு 57 வயது. உப்புவெளியில் மூத்த மகனுடன் இருக்கிறேன். கடற்தொழில் செய்த என் கணவர் போன வருடம் சிறுநீரக வருத்தத்தால் காலமானார். அந்தியேட்டி முடிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நெஞ்சு அடைப்பது போல இருக்கும். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரி என்று சொல்லி, குளிசையும் தந்து, உளவளத்துணைக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருப்பது ஓர் இளம் பிள்ளை. யாழ்ப்பாணப் பக்கம் போலக் கதைக்கிறாள். மரியாதையான பிள்ளைதான். மூன்று தடவை போனேன். இரண்டாவது தடவை, சுனாமியில் என் கடைசி மகளைப் பறிகொடுத்ததையும் சொல்லிவிட்டேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நானும் கணவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. மூன்றாவது தடவை போனபோது அந்தப் பிள்ளையிடம், 'உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?' என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, 'அதை அறிவது உங்களுக்கு ஏன் முக்கியமாக இருக்கிறது?' என்று திருப்பிக் கேட்டாள். முகத்தில் அடித்தது போல இருந்தது. என் வீட்டுக் கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். அவள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. என் மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். இவளுக்கு என் வேதனை எப்படி விளங்கும்? அதற்குப் பிறகு நான் போகவில்லை. போகச் சொல்லி மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தப் பகுதியில் பதில் எழுதும் நீங்கள் யார்? எங்களைப் போன்றவர்களின் துன்பம் உங்களுக்கு எப்படித் தெரியும்? கோபிக்க வேண்டாம்.

— ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அன்புள்ள அக்கா,

கோபிக்க ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு கேள்விகளுமே கேட்கப்பட வேண்டியவை. முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையிடம் நீங்கள் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. அவர் பதில் சொல்லாமல் விட்டது உங்களை அவமதிக்க வேண்டும் என்றும் அல்ல. பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனாலும் அவருடைய பேச்சு உங்களை நோகச் செய்துவிட்டது. அதை அவர் அறிய வேண்டும். ஆகவே இன்னொரு தடவை போங்கள் என்பதுதான் என் ஆலோசனை. போய் என்ன சொல்லலாம் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் வருவது 'எந்த ஊர்? யாருடைய பிள்ளை?' என்ற கேள்விதான். மூதூர் என்றால் மூதூரில் எந்தப் பக்கம், தம்பலகாமம் என்றால் கோயிலடியா வயல் பக்கமா என்று அது நீண்டுகொண்டே போகும். பத்து நிமிடத்துக்குள் இருவருக்கும் தெரிந்த ஒரு பெரியப்பாவோ வகுப்புத் தோழியோ அகப்பட்டுவிடுவார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர் வரும், கதையும் வரும். நீங்கள் அந்தப் பிள்ளையிடம் செய்ததும் இதைத்தான். உங்கள் மனதின் மிக ஆழமான இடத்தை அவரிடம் திறந்து காட்டிவிட்டீர்கள். திறந்த பிறகு, இவர் யாருடைய பிள்ளை என்று அறிந்துகொள்ள விரும்பினீர்கள். இது எங்கள் ஊர் மனிதர்களின் இயல்பு. இதை ஒரு நோய்க்குறி போலப் பார்க்கும் ஆலோசனை முறை எதுவும் எனக்கு உடன்பாடு இல்லை.

இதே 'எந்த ஊர்?' என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் இன்னொரு வரலாறும் இருப்பது உங்களுக்கும் தெரியும். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பொறுத்து ஒருவரின் நாளே மாறிப்போனது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழும் மாவட்டம் இது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே மதமும் இனமும் வெளியே வந்துவிடும். சில வேளை யாரை இழந்தவர் என்பதும்கூட வந்துவிடும். ஆகவே ஊரைச் சொல்லாமல் இருக்கும் ஓர் ஆலோசகர் திமிரால்தான் அப்படி இருக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. வருகிறவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தன் முன்னால் பயமில்லாமல் உட்கார வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய சிக்மண்ட் பிராய்ட் 1912ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், வைத்தியர் கண்ணாடியைப் போல இருக்க வேண்டும், தன்னிடம் காட்டப்படுவதைத் தவிர வேறெதையும் வருகிறவருக்குக் காட்டக்கூடாது என்று அறிவுறுத்தினார். எங்கள் தொழிலில் இன்றுவரை இருக்கும் மௌனத்துக்குப் பெரும்பகுதி காரணம் அந்த அறிவுரைதான். ஆனால் அவருடைய வியன்னா வீட்டில் நோயாளர்களைப் பார்த்த அறை அவர் ஆசையாகச் சேர்த்த பழம்பொருட்களால் நிறைந்திருந்தது. பிற்காலத்தில் அவருடைய நாயும் அதே அறையில் படுத்திருந்தது. அந்த அறைக்குள் வந்தவர்களுக்கு அவர் யார் என்று ஓரளவு தெரிந்தே இருந்தது. தன்னை முழுவதும் மறைத்துக்கொள்வது எந்த மனிதருக்கும் முடியாது.

பின்னர் அமெரிக்காவில் கார்ல் ரொஜர்ஸ் என்பவர் வந்தார். ஒருவர் மனம் மாறுவதற்குத் துணைநிற்பவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று 1957இல் எழுதினார். உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் உண்மைத்தன்மை, எந்த நிபந்தனையும் போடாத மதிப்பு, மற்றவரின் இடத்தில் நின்று விளங்கிக்கொள்ளும் முயற்சி ஆகியவற்றை அவர் முன்வைத்தார். இலங்கையில் உளவளத்துணை படிக்கும் எல்லோரும் இவற்றை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் உண்மைத்தன்மையையும் மௌனத்தையும் எப்படிச் சேர்த்து வைத்திருப்பது என்பது புத்தகத்தில் வராது. அது வருடக்கணக்கில் கைவருவது. உங்கள் எதிரில் இருந்த பிள்ளை இப்போதுதான் அதைப் பழகிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இனி நான் யார் என்பதற்கு வருகிறேன்.

நான் மூதூரில் பிறந்தவள். அப்பா பாடசாலை ஆசிரியர். பட்டணத்துக்கு லோஞ்சில் கடல் கடந்து வந்து போன தலைமுறை நாங்கள். 1990இல் மறுபடியும் போர் மூண்டபோது ஊரைவிட்டுப் புறப்பட்டு, மன்னாரில் வள்ளம் ஏறி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம். என் இளமையின் நல்ல பகுதி முகாம்களில்தான் கழிந்தது. திரும்பி வந்த பிறகு நானும் ஆசிரியர் தொழிலுக்கே போனேன். 2004 திசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று காலை நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைகள் எல்லாம் முகாம்கள் ஆயின. எனக்குச் சிங்களம் ஓரளவு தெரியும் என்பதால் வெளியிலிருந்து உதவிக்கு வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அங்கே கண்டவைதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தன. பிறகு முறையாகப் படித்தேன், பயிற்சி பெற்றேன். இப்போது மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் என்னிடம் வருகிறார்கள். எனக்கு மேலே ஒரு மூத்த ஆலோசகர் இருக்கிறார். வருகிறவர்களின் பெயரைச் சொல்லாமல், நான் எப்படி வேலை செய்கிறேன் என்பதை அவரிடம் ஒழுங்காகக் கலந்துபேசுகிறேன்.

முகாமில் கண்டது என்ன என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த, எங்கள் மொழியே பேசிய, நன்றாகப் படித்த ஒருவர் வந்தார். கையில் ஒரு படிவம். ஒவ்வொரு தாயையும் கூப்பிட்டு, அன்று காலை என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்களும் சொன்னார்கள். சொல்லி நடுங்கினார்கள். படிவம் நிரம்பியதும் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் திரும்பி வரவே இல்லை. அதே முகாமுக்குக் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக் குடும்பநல உத்தியோகத்தரும் வந்தார். தமிழ் அரைகுறை. கடல் வந்ததைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பாயில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன தேவை என்று கேட்டார். குளிப்பதற்கு மறைவான இடம் இல்லை என்று ஒரு தாய் சொன்னார். அவர் போய் முகாம் பொறுப்பாளரிடம் கதைத்துவிட்டு, மறுநாள் வந்து, தகரம் வருகிறது, நாளைக்கு அடைப்பார்கள் என்று அந்தத் தாயிடமே சொன்னார். அடைத்தார்களா என்று பார்க்க அதற்கடுத்த நாளும் வந்தார். சில நாட்கள் கழித்து, ஒருவரும் கேட்காமலே, அந்தத் தாய் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பேரழிவுக்குப் பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டலும் பாதுகாப்பு, கண்ணியம், அன்றாடத் தேவை ஆகியவற்றைத்தான் அடித்தளமாக வைக்கிறது. அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் எந்த வழிகாட்டலும் வருவதற்கு முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்.

உங்கள் ஊர், உங்கள் மொழி, உங்களுக்கு வந்த அதே துன்பம், இவை எல்லாம் இருந்தும் ஒருவரால் உங்களை நெருங்க முடியாமல் போகலாம். இவை ஒன்றும் இல்லாத ஒருவர் நெருங்கிவிடலாம். இதனால் பின்னணி முக்கியம் இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளையின் உடல் கிடைக்காத ஒரு தாய் வருடாவருடம் அந்தத் திதியில் பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார் என்றால், அது எங்களுக்குப் படையல். வழக்கம் தெரியாதவர் அதை இழப்பை ஏற்க மறுக்கும் நோய் என்று எழுதிவைத்துவிடக் கூடும். துக்கம் எங்கள் மக்களிடம் நெஞ்சடைப்பாகவும் தலையிடியாகவும் பெருமூச்சாகவும்தான் முதலில் வரும் என்பது தெரியாத ஒருவர் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடும். அது தெரிந்த ஒருவர் உங்களுடைய வைத்தியசாலையில் இருந்திருக்கிறார்; அதனால்தான் உங்களை அங்கே அனுப்பினார். வடக்கிலும் கிழக்கிலும் ஒரு சமூகம் முழுவதுமே காயப்பட்டிருக்கிறது என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். இங்கே ஆலோசகரின் கதிரையில் இருப்பவரும் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து வந்தவர்தான். பார்த்தால் தெரியாது என்பதற்காக அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் ஊர், இடப்பெயர்வு, படிப்பு, வேலை எல்லாம் இருந்தன. யாரை இழந்தேன் என்பது இருக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் மௌனத்துக்கும் இதே காரணம் இருக்கலாம்.

உங்களை நான் பார்த்ததில்லை, ஆனால் உங்கள் வயதுத் தாய்மார் பலரைப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு ஒரு துன்பம் என்று தெரிந்தால் அந்த நொடியே தங்கள் துன்பத்தை மடித்து வைத்துவிடுவார்கள். அந்த இளம் பிள்ளை, 'எனக்குக் கல்யாணம் ஆகவில்லை அம்மா, என் அம்மாவும் உயிரோடு இல்லை' என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நீங்கள் போகும்போது கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதற்கடுத்த தடவை அவருக்கு ஒரு மாப்பிள்ளையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மகளைப் பற்றிச் சொல்லப்போனால் இந்தப் பிள்ளை பாவம், தாங்கமாட்டாள் என்று வாயை மூடிக்கொள்வீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே அக்கா? உங்கள் கணவர் தாங்கமாட்டார் என்று நீங்களும், நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று அவரும். உங்களைத் தாங்குவதற்காகவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆலோசகர் தன் கதையைச் சொல்லாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுதான்.

சொல்லவே கூடாது என்றும் விதி இல்லை. தற்கொலை எண்ணத்தில் சிக்கியவர்களுக்காகப் புதிய சிகிச்சை முறை ஒன்றையே உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தன் பதினேழாவது வயதில் தானும் உளநல மருத்துவமனையில் நீண்டகாலம் இருந்தவர் என்பதை 2011இல்தான் உலகறியச் சொன்னார். அவருடைய கையில் இருந்த தழும்புகளைக் கண்டு, நீங்களும் எங்களில் ஒருவரா, அப்படியானால் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்ற பொருளில் அவரிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்னது அப்படிக் கேட்டவர்களுக்காக. நானும் என் அறையில் அப்படித்தான் பார்க்கிறேன். சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது எனக்கு மனம் லேசாகும் என்பதற்காகச் சொல்லப்போகிறேனா? முதலாவது என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அவருடைய கதைக்குத் திரும்பிவிடுவேன். இரண்டாவது என்றால் அதை என் மூத்த ஆலோசகரிடம் கொண்டுபோவேன்.

என் வழக்கம் ஒன்றையும் சொல்கிறேன். முதல் நாளே என் ஊரையும் படிப்பையும் நானாகவே சொல்லிவிடுவேன். வேறு என்ன அறிய வேண்டும் என்று கேட்பேன். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லிவிட்டு, 'ஏன் கேட்டீர்கள் அக்கா?' என்று அதற்குப் பிறகு கேட்பேன். எல்லா ஆலோசகர்களும் இதை ஏற்கமாட்டார்கள். வெளியூரில், பெரிய பட்டணத்தில் வேலை செய்கிறவருக்கு இது தேவைப்படாமலும் இருக்கலாம். எங்கள் ஊரில் காலையில் என்னிடம் வந்து அழுதவரை மாலையில் மீன் சந்தையில் காண்பேன், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தோளோடு தோள் நிற்பேன். ஆகவே அதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வேன்: வெளியில் கண்டால் நீங்கள் முதலில் கதைத்தால் நானும் கதைப்பேன், நீங்கள் கதைக்காவிட்டால் தெரியாதவள் போலக் கடந்துபோய்விடுவேன், குறை நினைக்காதீர்கள். கிண்ணியாவிலிருந்து வரும் சில சகோதரிகள் என்னைத் தேடி வருவதே நான் அவர்கள் ஊர்க்காரி இல்லை என்பதற்காகத்தான். மாமி காதுக்குப் போகாது என்ற நிம்மதி. உங்கள் ஆலோசகர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றால் அந்த நிம்மதி உங்களுக்கும் உண்டு. உப்புவெளியில் அவருக்கு யாரையும் தெரியாது.

அவருடைய சொந்த வாழ்க்கையை அறிய உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம், அவரும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் எங்கே என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், என்ன எழுதிவைக்கிறார், அதை யார் பார்ப்பார்கள் என்பவை அவை. நீங்கள் சொல்வது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, சிறுபிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது, நீதிமன்றம் கேட்கிறது என்ற நிலைகளில் மட்டுமே அது மாறும். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது 1998இலிருந்து இலங்கையில் குற்றமில்லை. அப்படி ஓர் எண்ணம் வந்தாலும், பொலிசுக்குப் போய்விடுமோ என்று பயந்து அதை அவரிடமிருந்து மறைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடத்துக்கு வருகிறேன். 'என் மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் வந்த ஒரு வரி. அந்தப் பிள்ளைக்கு அனுபவம் போதாது என்பதற்குச் சான்றாக அதைச் சொன்னீர்கள்.

அந்த வரி எனக்கு வேறு விதமாகக் கேட்டது அக்கா. வீட்டில் யாருமே பேசாத ஒரு பிள்ளையைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னீர்கள். சொல்லி நிமிர்ந்தால் எதிரில் படித்து, வேலைக்கு வந்து, சேலை உடுத்து இருக்கிறது ஓர் இளம்பெண். அடுத்த தடவை போனபோது உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். என் மகளுக்கு இப்போது கல்யாணம் ஆகியிருக்குமா, எனக்கு ஒரு பேரப்பிள்ளை இருந்திருக்குமா என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்து இதை அறுதியிட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் சொல்வது பொருந்தவில்லை என்றால் தள்ளிவிடுங்கள். அப்படி ஒன்று இருந்திருந்தால், அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டது உங்களுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பதும் விளங்கும்.

உங்கள் கணவரையும் நினைத்துப் பார்க்கிறேன். மகள் எப்படிச் சிரிப்பாள், எதற்கு அடம்பிடிப்பாள் என்று நினைவில் வைத்திருந்த இன்னொருவர் அவர்தான். பேசாவிட்டாலும் அவருக்குள் அது இருந்தது. அவர் போனதும் அந்த நினைவு முழுவதையும் நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள். நித்திரை வராமல் போனது அந்தியேட்டிக்குப் பிறகுதான் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு துக்கங்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன என்று எனக்குப் படுகிறது. உங்கள் மூத்த மகனையும் மறந்துவிடாதீர்கள். அவனும் ஒரு தங்கையை இழந்தவன். அம்மா அப்பா வாய் திறக்காத வீட்டில் அவனும் வாய் திறக்காமல் வளர்ந்திருப்பான். உங்களைப் போகச் சொல்லி ஏன் அப்படி ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே அடுத்த தடவை போய் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இது: போன தடவை நான் கேட்டதற்கு நீங்கள் திருப்பிக் கேட்டது எனக்கு நொந்துபோனது, அதனால்தான் வராமல் இருந்தேன். இதைச் சொல்வது அவரைக் குற்றம்சாட்டுவது ஆகாது. நல்ல ஆலோசகர் எவரும் இந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருப்பார். பிறகு, உங்களைப் பார்க்கும்போது என் மகள் ஞாபகம் வருகிறது, அவளுக்கும் இந்த வயதுதான் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு எழுதிய அந்த வரி உண்மையில் அவர் கேட்க வேண்டியது. மகளின் பெயரை எனக்கு எழுதவில்லை, எனக்கு எழுதத் தேவையும் இல்லை. அவரிடம் பெயரைச் சொல்லுங்கள்.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாரா, தன்னைக் காப்பாற்ற நியாயம் சொல்கிறாரா, அல்லது நீங்கள் சொன்னதைக் கேட்டு உங்களோடு அங்கேயே இருக்கிறாரா? அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதைவிட இது உங்களுக்கு அதிகம் சொல்லும். 2018இல் 30,000க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வருகிறவருக்கும் ஆலோசகருக்கும் இடையிலான பிணைப்பு நன்றாக இருந்த இடங்களில் பலனும் கூடுதலாக இருந்தது. எந்தச் சிகிச்சை முறை, எந்த நாடு என்று பார்த்தபோதும் அது மாறவில்லை. மிதமான தொடர்புதான், ஆனால் உறுதியானது. அந்தப் பிணைப்பில் மனம் ஒட்டுவது ஒரு பகுதி மட்டுமே. எதற்காகச் சந்திக்கிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் இருவரும் ஒத்துப்போவதும் அதில் அடங்கும். இதையும் அவரிடம் கேளுங்கள். நித்திரைக்காகவா, கணவருக்காகவா, மகளுக்காகவா? உங்கள் இருவருக்கும் இன்னும் அது பேசி முடிவாகவில்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் சொல்லி, இன்னும் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தும் மனம் ஒட்டவில்லை என்றால், வேறு ஒருவரிடம் மாற்றித் தரும்படி கேட்கலாம். அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் ஆகாது. வைத்தியசாலையின் உளநல வைத்திய அதிகாரியிடம் சொல்லலாம். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணைக்குரிய உத்தியோகத்தர் இருப்பார். ஆனால் ஆலோசகர் உங்களைப் பற்றி வெளியில் கதைத்தாலோ, பணம் கடன் கேட்டாலோ, தகாத முறையில் நடந்தாலோ, மதம் மாறச் சொன்னாலோ, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே எழுந்து வந்து மேலதிகாரியிடம் முறையிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. மரியாதையான பிள்ளை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். உளவளத்துணைக்குப் போகாவிட்டாலும் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போங்கள். நெஞ்சு அடைப்போடு வியர்வை, இடது கையிலோ தாடையிலோ நோவு, மூச்சு வாங்குதல் வந்தால், முன்னர் ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். இரவில் தாங்கமுடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மகனிடம் சொல்லித் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். தவறவிட்ட திகதிக்குப் பதிலாகப் புதிய திகதி எடுக்க நீங்களே போகவேண்டியதில்லை. கிளினிக் அட்டையைக் கொடுத்து, நாளைக்கே மகனை அனுப்புங்கள்.